செல்லதுரை ஆஜர்

நம்பினால் நம்புங்கள், இது கட்டுக்கதை இல்லை. 1972 பங்குனியில், நீடாமங்கலம் பக்கத்து ஊர்ச் சாவடியில், பட்டப்பகலில் நடந்தது. தாலுகா ஆபீஸ் டவாலி அரசப்பன் தன் காதால் கேட்டது.

அன்று குத்தகைப் பதிவு விசாரணை. செல்லதுரை கடற்படையில் இருந்தான். "வெள்ளைக்காரன் ஓட்டுன போர்க்கப்பலுங்க, இப்ப நம்ம பேரு வச்சு ஓடுது" என்று அவன் தாய் அம்சம் ஊரெல்லாம் சொல்லிப் பூரிப்பாள். அப்பன் விட்டுப்போன மூன்று மா குத்தகை நிலத்தில் பாடுபட்டது அவள்தான். மனு மகன் பெயரில். அவன் வராவிட்டால் மனு தள்ளுபடி, நிலம் மிராசுதார் துரைராசு கைக்கு.

மணி 11.10. மகனைக் காணோம்.

"உயிரோட இல்லைன்னா வாரிசு நீங்க. உங்க பேருக்கு மாத்திடலாம். அப்படித் தகவல் உண்டா?" என்றார் அதிகாரி.

"அப்படி வாயால சொல்லாதீங்கய்யா!" என்று அம்சம் பதறினாள்.

துரைராசு சிரித்தார். "உசுரோடதான் இருக்கான். சத்தியமா சொல்றேன். வர மனசில்ல."

"குத்துக்கல்லாட்டம் இருக்கானுங்க" என்று ஒத்து ஊதினார் அவருடைய காரியக்காரர் ரெங்கசாமி.

"மூணு தரம் கூப்பிடுப்பா" என்றார் அதிகாரி.

11.14. அரசப்பன் வாசலில் நின்று கூப்பிட்டார். "செல்லதுரை..."

காய்ந்த வாய்க்கால் பக்கம் ஒரு விசில் சத்தம். மெல்லியதாக... நீளமாக...

"செல்லதுரை..."

காற்று நின்றது. உப்பு வாடை. ஈர இரும்பு வாடை.

அரசப்பன் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். துரைராசு அதட்டினார். "நல்லாக் கூப்பிடுய்யா!"

"செல்... செல்லதுரை..."

"ஆஜர்."

துரைராசுவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

அங்கே யாரும் இல்லை.

தரையில் இரண்டு ஈரப் பாதங்கள்.

துரைராசு இருமினார். வாயிலிருந்து தண்ணீர்... மூக்கிலிருந்தும் தண்ணீர்...

11.17-க்கு அடங்கிவிட்டார்.

நுரையீரல் நிறையக் கடல் தண்ணீர் என்றார் டாக்டர். நாகப்பட்டினம் கடல் முப்பது மைல் தள்ளி இருக்கிறது.

துரைராசுவின் சட்டைப்பையில் ஒரு தந்தி. அம்சம் குடியிருக்கும் தெற்குத் தெருத் தபாலையெல்லாம் மிராசுதார் வீட்டில் போட்டுவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். 'செல்லதுரை கடலில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை.' வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. செத்தது தெரிந்தால் நிலம் தாய்க்குப் போகுமே என்று, செத்தவனை உயிரோடு இருப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள் பாவிகள்!

நிலம் அம்சம் பெயரில் ஏறியது. கைநாட்டு வைத்துவிட்டு அவள் அரசப்பனிடம் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"ஒங்க குரலுக்கு எம் புள்ள வந்தான். இன்னொரு வாட்டி கூப்பிடுங்கய்யா. ரெங்கசாமி இன்னும் உசுரோட இருக்காரு."

அரசப்பன் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் ஆபீசில் சேதி வந்தது. காலை 6.20-க்கு ரெங்கசாமி தன் நெற்களத்தில் செத்துக் கிடந்தாராம். வாயெல்லாம் உப்புத் தண்ணீர்.

6.15-க்கு அம்சம் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, மகன் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டதைத் தெருவே கேட்டிருக்கிறது.