கதவு வைத்த படகு

பஸ் பாடி கட்டுவதில் என் கைக்கு ஈடு இன்னொரு கை கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் நான் கட்டிய பஸ்ஸில் ஏறாத வாத்தியார் இந்த ஊரில் இல்லை. வயதான பிறகு பட்டறையை மகனிடம் கொடுத்தேன். மறுவாரமே என் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டான்.

"இங்க நல்லா காத்து வரும்ப்பா."

அந்த ஆத்திரத்தில்தான் படகு கட்ட ஆரம்பித்தேன். டீசல் இன்ஜின் வைத்த சின்னப் படகு. கரையை ஒட்டியே ஊர் ஊராகப் போகலாம், அதிலேயே படுத்து எழலாம். எங்கேயும் கூட்டிப் போகாத மனைவியை ஒரு தடவையாவது கூட்டிப் போய்விட வேண்டும்.

"வர்றேன். ஆனா படுக்கிற இடத்துக்குக் கதவு வேணும். உள்பக்கம் தாழ்ப்பாளோட," என்றாள்.

கல்யாணமான புதிதில் எங்கள் குடித்தனம் பட்டறைக்குள்தான். தார்ப்பாய்த் திரைக்கு இந்தப் பக்கம் வெல்டிங், அந்தப் பக்கம் அவள் சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம். "ஊர்ல ஓடுற பஸ்ஸுக்கெல்லாம் கதவு போடுறீங்க," என்பாள். ஆர்டர் கழுத்தை நெரிக்கும்போது நான் என்ன செய்வது?

இந்தத் தடவை போட்டேன். நின்றாலும் தலை இடிக்காத கேபின், இரும்புச் சட்டம், கனத்த தகரம், தேக்குக் கதவு. படகுத் தச்சன் வந்து சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்குக் கண்டக்டர் யாரு?"

"நக்கல் இருக்கட்டும். பலமா இருக்கா, இல்லையா?"

"கவுந்தாலும் உடையாதுண்ணே. மேல இவ்வளவு கனம் ஆகாது. பிளைவுட்ல இடுப்பு உயரத்துக்கு வைங்க."

"என் பொண்டாட்டி தவழ்ந்து போகணுமாடா?"

கனம்தான் பலம் என்று நம்பியே சோறு தின்றவன் நான். அவன் பேச்சைத் தள்ளிவிட்டேன்.

முகத்துவாரத்தில் இறக்கினோம். மனைவி துணிப்பையோடு கரையில் நின்றாள். நான் ஏறித் திருப்பியதும் படகு குடிகாரனைப் போலச் சாய்ந்தது. சாய்ந்தது சாய்ந்ததுதான். இடுப்பளவுத் தண்ணீரில் நான் நிற்க, என் மகன் போனில் படம் பிடித்தான்.

கேபினை அறுத்து எடுத்து வீட்டின் பின்பக்கம் போட்டேன். படகு வாத்து மாதிரி மிதந்தது. சந்தோஷம் தாங்காமல் ஓடி வந்தேன்.

"கிளம்பு. தார்ப்பாய்ல உனக்கு அருமையா ஒரு திரை கட்டித் தர்றேன்!"

அவள் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

"திரைக்குள்ள நான் இருந்தாச்சுங்க. நீங்க போயிட்டு வாங்க."

தனியாகவே போனேன். இரண்டு துறைமுகம் தாண்டினேன். என் வயதில் எவன் போவான்? இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் அவள் பாயும் தலையணையும் இல்லை. பின்பக்கம் போனேன். தரையில் கிடந்த கேபினுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், நான் வந்துட்டேன்."

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்," என்று கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. நான் போட்ட தாழ்ப்பாள் அது. வெளியிலிருந்து எவனாலும் திறக்க முடியாது.