முதல் இலை

ஊருக்கு ரயிலேற வந்த இடத்தில், சைதாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் இன்றைக்குத்தான் திறந்த மெஸ். படிக்கத் தெரியாத எனக்கு ரச வாசனைதான் போர்டு. முதல் இலையே எனக்கு. வத்தக்குழம்பும் வாழைக்காய் வறுவலுமாக ஆசை தீரச் சாப்பிட்டு, இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிடுகிறேன்.

கடைக்காரம்மா கரண்டியோடு நிற்கிறாள். "இன்னா ஆயா, மொத எலய சாவு வூட்ல மடிக்கிறா மாதிரி மடிச்சிட்டியே?"

கூசிப்போகிறேன். "பதினாறு நாளா தங்கச்சி வீட்டுத் துக்கத்துல சாப்பிட்ட கை, தாயி. புத்தி கெட்டுப்போச்சு. இன்னொரு இலை போடு."

"வவுத்துல எடம் கீதா?"

"இல்ல. போடு."

ரசஞ்சோறு தொண்டைவரை நிற்கிறது. இந்த இலையை என் பக்கமாக மடிக்கிறேன். அவள் பார்த்தாளா என்று நிமிரத்தான் துணிச்சல் வரவில்லை.