‘தெரியலை’ என்ற டாக்டர்

போன மாதம் என் சிநேகிதர் காதர் பாய், செங்கல்பட்டில் ஒரு டாக்டரை அடிக்கப் போய்விட்டார். நல்லவேளை, நடுவில் நான் இருந்தேன்!

பாய் கடப்பாக்கத்தில் கருவாட்டு வியாபாரி. மகள் பாத்திமாவுக்கு வயிற்றுவலி. ஊரில் ஒருவர் சூடு என்றார், இன்னொருவர் வாயு என்றார்... எல்லாருமாகச் சொன்ன மருந்து விளக்கெண்ணெய். பாட்டிலும் கையுமாக, சுருண்டு கிடந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்து நின்றார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசுக்காரர், புதிதாக போர்டு மாட்டியவர்.

வயிற்றை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். “எனக்குத் தெரியலை” என்றார்.

பாய்க்கு வந்ததே கோபம்! கையை ஓங்கிவிட்டார்; நான் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டேன். “தெரியலைன்னு சொல்றதுக்கா கோட்டு மாட்டிகினு குந்திகினு கீறே? இன்னா டாக்டரு நீ!”

“தெரியாம நான் எந்த மருந்தும் குடுக்க மாட்டேன் பாய். நீங்களும் அந்த எண்ணெயை ஊத்தாதீங்க. உடனே பட்டணம் போகலாம், நானும் வரேன்.”

வந்தாரே ஐயா! கதவைப் பூட்டிவிட்டு அடுத்த ரயிலில் எங்களோடு ஏறிவிட்டார்.

நம் ஊரில் ‘தெரியாது’ என்று யார் சொல்கிறார்கள்? கருங்குழி ரோட்டில் நின்று யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள் — தெரியாதவர்தான் முதலில் கையை நீட்டுவார்!

“எங்க புரொபசர் போட்ட பழக்கம் சார்” என்றார் டாக்டர், ரயிலில். டாக்டருக்குப் படிக்கும் முன் இவர் படித்த யுனிவர்சிட்டியில் காலம் காலமாக ஜுவாலஜி நடத்தியவராம். மகாபலிபுரம் கடற்கரையில் பொறுக்கிய ஏதோ ஒரு பிராணியை ஜாடியில் போட்டு, ‘தெரியாது’ என்றே லேபிள் ஒட்டி மேஜைமேல் வைத்திருப்பாராம். வருஷா வருஷம் முதல் வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டி, “இது என்னன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு?” என்பாராம். வாயில் வந்த லத்தீன் பெயரையெல்லாம் அள்ளிவிடுகிறவன் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். தெரியாது என்கிறவன் உட்காரலாம்.

எப்பேர்ப்பட்ட மனுஷர்!

பட்டணத்தில் உடனே ஆபரேஷன். குடல்வால். “விளக்கெண்ணெய் குடுத்திருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும். பொண்ணு தங்கியிருக்காது” என்றார் பெரிய டாக்டர். பாய் வராந்தாவிலேயே உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் நானும்தான்.

பாத்திமா தேறி வீடு திரும்பியதும், புரொபசரைப் பார்த்தே தீருவேன் என்று பாய் ஒற்றைக்காலில் நின்றார். போனோம். ரிடையராகி வீட்டோடு இருக்கிறார். நடந்ததையெல்லாம் சொல்லி, டாக்டர் பெயரையும் சொன்னோம். மனுஷர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எத்தனையோ பசங்க... முகம் ஞாபகம் வரலையே” என்று சங்கடப்பட்டார்.

பாய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஒங்களுக்கு அவர ஞாபகம் இல்லாட்டி போவுது சார். அவருக்கு ஒங்கள ஞாபகம் இருந்திச்சே... என் பொண்ணு பொழைச்சிக்கினா!”