விளம்பரத்தை எழுதியவர் விண்ணப்பித்த கதை

மொழியியல் படித்தவரிடம் உலகம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கும்: "அப்போ உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?" பல் மருத்துவர் கேட்டிருக்கிறார், அதுவும் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டு. வீடு வாடகைக்குப் பார்க்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மைக் டீச்சர், கடைசியில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டார்: "பேசத் தெரிஞ்சது மூணு. வாயை மூடிக்கிட்டுக் கேட்கத் தெரிஞ்சது நிறைய."

மைக் டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். யாராவது புதிதாக ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், கைப்பையிலிருந்து சின்ன ஒலிவாங்கியை எடுத்து அவர் சட்டையில் மாட்டிவிடுவார். பன்னிரண்டு வருடமாகப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். நகலெடுக்கும் இயந்திரத்தோடு பங்கு போட்டுக்கொண்ட அறை. விடுமுறை விட்டதும் ஒப்பந்தம் முடிந்துவிடும். நூலக அட்டையும் அன்றோடு வேலை செய்யாது. வகுப்பு தொடங்கினால் இரண்டுக்கும் மறுபடி உயிர் வரும். இப்படி வருடத்துக்கு இரண்டு தடவை செத்துப் பிழைத்தும் மனுஷிக்குச் சிரிப்பு மட்டும் குறையவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

மொழியியலில் நிரந்தர வேலை என்பது குதிரைக் கொம்பு. நாடு முழுக்க வருடத்துக்கு நாலு விளம்பரம் வந்தால் அதிகம். ஒன்றில் கணினிக்காரர் வேண்டும் என்பார்கள், இன்னொன்றில் கல்வெட்டு படிப்பவர் வேண்டும் என்பார்கள், மூன்றாவதில் யாரைச் சேர்ப்பது என்று முன்பே முடிவாகியிருக்கும். மைக் டீச்சர் ஒன்பது இடத்துக்கு விண்ணப்பித்து ஒன்பதிலும் வெறுங்கையோடு திரும்பினார். பத்தாவது அத்தி பூத்தாற்போல சொந்தத் துறையிலேயே வந்தது. வயது நாற்பத்து நாலு. நாற்பத்தைந்து தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. இதை விட்டால் வேறு இல்லை.

துறைத்தலைவர் நல்ல மனிதர். ஆனால் எழுதுவதென்றால் அவருக்கு வேப்பங்காய். "விளம்பரத்தை நீங்களே எழுதிடுங்கம்மா" என்று வழக்கம்போல் டீச்சர் தலையில் கட்டினார்.

"நானும் விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன், சார்."

"அப்போ இன்னும் நல்லதாப் போச்சு. உங்களுக்கு ஏத்த மாதிரி எழுதிக்கோங்க."

இந்த ஒரு வார்த்தைதான் டீச்சரைச் சுட்டது. தனக்குத்தானே சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள் என்று நாளைக்கு ஊர் பேசாதா? மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒரு துறைக்கு உண்மையில் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று யோசித்து எழுதினார். அதிகம் பதிவாகாத ஒரு மொழியைப் பேசுகிறவர்களோடு குறைந்தது ஆறு மாதம் தங்கிக் களப்பணி செய்திருக்க வேண்டும். அந்த மொழி பேசுகிற ஒருவர் எழுத்திலோ குரலிலோ பரிந்துரை தர வேண்டும். படிக்கப் படிக்க அவருக்கே பெருமையாக இருந்தது. விளம்பரம் வெளியானதும்தான் உறைத்தது, தான் ஒரு களத்துக்கும் போனதில்லையே என்று. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது? நேர்மைக்கும் ஓர் அளவு வேண்டாமா? இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது.

சாயங்காலம் கணவர் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். அவருடைய மொழியை மொத்தமே முந்நூறு வீடுகளில்தான் பேசுகிறார்கள். அதற்கு எழுத்து கிடையாது. போக்குவரத்தில் யாராவது குறுக்கே வந்தால் அவர் திட்டுவது அந்த மொழியில்தான். டீச்சர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, விளம்பரத்தை வாங்கி ஒருதரம் படித்தார்.

"அந்த ஜனங்களோட ஆறு மாசம் தங்கியிருக்கணும்னு போட்டிருக்கே. நீ எங்கே தங்கியிருக்கே?"

"இங்கதான். அதுதானே என் கஷ்டம்."

"இங்க உன்கூட யார் இருக்கா?"

டீச்சர் அவரையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில், மாடிப்படியில், பேருந்து நிலையத்தில் என்று அவர் பேசியதை எல்லாம் பதிவு செய்து, சொல் சொல்லாகப் பிரித்து, நாலாயிரம் பக்கம் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தார். மொழியியல்காரர்களுக்கென்றே ஒரு குருட்டுத்தனம் உண்டு: களம் என்றால் அது தூரத்தில்தான் இருக்க வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஜாதி.

"என்னங்க, பரிந்துரை யார்கிட்ட வாங்குறது?"

"முந்நூறு வீட்டுல என்னைவிட நல்லவன் எவன் இருக்கான்?" என்றவர், ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. டீச்சரைக் கேட்கவும் விடாமல், பதிவை அப்படியே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

நேர்காணல் அன்று மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "களத்துல எத்தனை மாசம் இருந்தீங்க?" என்று கேட்டார்.

"பத்தொன்பது வருஷம் ஆச்சு மேடம். இன்னும் திரும்பி வரல."

சிரிப்பு அடங்கியதும் பேராசிரியை கேட்டார், "கணவர் தர்ற பரிந்துரை செல்லுமா?"

"உறவினர் கூடாதுன்னு விளம்பரத்துல போடலையே" என்றார் துறைத்தலைவர். "யார் எழுதினாங்களோ."

பதிவைப் போட்டார்கள். குரல் தெளிவாக இருந்தது. ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்களேன்" என்றார் பேராசிரியை. தன்னைப் பற்றி ஒரு வரி நல்லதாக எழுதக் கூசியவர், இப்போது தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒன்றும் கூட்டக் கூடாது, ஒன்றும் குறைக்கக் கூடாது என்று முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான்.

"எங்க மொழியை வெளியே பேச எனக்கு வெட்கமா இருக்கும். கோவம் வந்தா மட்டும் பேசுவேன். கல்யாணமான புதுசுல இவளை ஒருநாள் திட்டினேன். இன்னொரு தடவை திட்டுங்க, அந்த வார்த்தை புதுசா இருக்குன்னு கேட்டா. திட்ட வரல, சிரிப்புத்தான் வந்துச்சு. இப்போ வண்டி ஓட்டும்போது எங்க மொழியில சத்தமாப் பாடுறேன்..."

டீச்சர் நிறுத்திவிட்டார்.

"அப்புறம் ஏதோ சொன்னாரே?" என்றார் பேராசிரியை.

மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "என்கிட்ட பேச்சு இருந்துச்சு. அதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு காட்டினது இவதான். இவளுக்கு வேலை குடுத்தாலும் குடுக்காட்டியும், எங்க முந்நூறு வீட்டுக்கும் இவதான் வாத்தியார்."

பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட மனிதர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பேராசிரியை விண்ணப்பக் கோப்பை மூடினார். "எனக்கு வேற கேள்வி இல்ல."

ஒன்பது நாள் கழித்து நியமன உத்தரவு வந்தது. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு நேரே பேருந்து நிலையத்துக்குப் போனார். வண்டி கிளம்பத் தயாராக இருந்தது, உள்ளே நிற்கக்கூட இடமில்லை. முன்படியில் ஏறித் தாளை நீட்டினார். கணவர் இரண்டு தரம் படித்தார். பிறகு இருக்கையை விட்டு எழுந்து, திரும்பி நின்று, வண்டி முழுக்கக் கேட்கும்படி தன் மொழியில் ஏதோ சொன்னார். பயணிகள் முழித்தார்கள். படியில் நின்றவருக்கு மட்டும் புரிந்தது.

அப்புறம்தான் மற்றவர்களுக்கும் புரியும்படி சொன்னார்: "என் வீட்டம்மா புரொஃபசர் ஆயிட்டாங்க. வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டாத்தான் கிளம்பும்."