ரொட்டியில் மணல்

துஷாந்தினிக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. பசி வேறு. பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு, மீதியைச் சாயங்காலத்துக்கு மடியில் முடிந்துவைத்திருந்தாள். நம்புகிறவர்கள் நம்பட்டும். போன ஐப்பசி அடைமழையில், நமுனுகுல மலையில், பட்டப்பகலில் நடந்தது இது. கதை கட்டிப் பொழுது போக்குகிற பிழைப்பு அவளுக்கு வாய்க்கவில்லை.

தை பிறந்தால் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாடசாமி, தாரம் இழந்தவர். அதுவரை அவள் காத்துக் கிடந்தது புவனேந்திரனுக்காக. யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் வடக்கே வன்னிக்கு, வீடு கட்டும் மேசன் வேலைக்குப் போனவன் அவன். வந்ததும் பரிசம் போடுகிறேன் என்றான். வரவில்லை. சேதியும் இல்லை. அவன் தாய் கருமாதி செய்து, படத்தின் முன் அரிசி அள்ளப் போனபோது குறுக்கே நின்று தடுத்தவள் துஷாந்தினிதான்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு வாய்க்கரிசி போடுவீங்களா மாமி?"

தாய் அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினாள். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அன்று மூன்று மணிக்கு மலையில் பனி இறங்கியது. பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி சத்தம் போட்டாள்.

"என்னடி புதுப்பொண்ணு, மாப்பிள்ள நெனப்புல முத்தல் எலையெல்லாம் கூடைக்குப் போகுது!"

"வாய மூடிக்கிட்டுப் பறிங்கக்கா!"

சிரிப்புக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மழைச் சத்தமும் நின்றுபோயிற்று.

டக்... டக்...

யாரோ தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுகிற சத்தம்.

நிரையின் முனையில் ஒருவன் நின்றான். புவனேந்திரன். போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை.

"பசிக்குது துஷா."

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "இத்தன வருசமா எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று ரொட்டியை நீட்டினாள். வாங்கினான். அவன் விரல் சுட்டது... வெயிலில் கிடந்த கல்லைப்போல.

அப்போதுதான் கவனித்தாள். மழைக்கு அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவன் சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை.

ரொட்டியை வாயில் வைத்தான். மெல்லவில்லை.

வாய் மூடவே இல்லை.

ஓரத்தில் ஏதோ உதிர்ந்தது.

வெள்ளையாக...

மணல்.

"பசிக்குது..."

உதடு அசையவில்லை.

ஜெயலெட்சுமி ஓடிவந்து அவள் தோளை உலுக்கியபோது அங்கே யாரும் இல்லை. செடிமேல் ரொட்டி கிடந்தது. பல் படாத ரொட்டி. அதன்மேல் ஒரு பிடி மணல். மூக்கில் உப்பு வாடை. அந்த மலையில் ஏது கடல்?

கார்த்திகையில், புவனேந்திரனோடு மேசன் வேலை செய்தவர் ஒருவர் அவள் குடியிருந்த லயம் தேடி வந்தார். இவ்வளவு காலமும் வெளிநாட்டில் இருந்தவர். யுத்தத்தின் கடைசி நாட்களில், கடற்கரையில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் குண்டு விழுந்ததாம். புவனேந்திரன் கையில் கஞ்சிச் சிரட்டையோடு விழுந்தானாம்.

"மணலத் தோண்டிப் பொதச்சிட்டு ஓடினோம் தங்கச்சி. வாயக்கூட மூடிவிட முடியல."

மலையில் கண்டதை அவள் அவரிடம் சொல்லவில்லை. வாய்க்கரிசி போட அரிசியை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள். பூசாரி தடுத்தார்.

"தாலி கட்டாதவ எந்த மொறையில போடுவ? அதுவும் தை மாசம் கழுத்த நீட்டப்போற பொண்ணு!"

அவனுக்கு வேறு உறவு இல்லை. தையில் கல்யாணம் நடந்தது. மாடசாமி நல்ல மனுஷன். ஆனாலும் மழை நாளில் அவருக்குச் சோறு போட உட்காரும்போது, கொல்லைப் பக்கம்...

டக்... டக்...

புவனேந்திரனுக்கு இன்னும் ஒரு பிடி வாய்க்கரிசி பாக்கி.