பாதிக்கப்படாதவர்களின் வாக்கு

பதினொரு வீடுகள், பதினொரு புகார்கள், நான்கு வாக்குகள். தையற்காரம்மாவின் தெருவுக்கு இந்த மாதம் இதுவரை கிடைத்தது அவ்வளவுதான்.

நகரின் குறைகளைக் குடிமக்களே எழுதி, குடிமக்களே வாக்களித்து, முதல் பத்தை நகராட்சிக்கு அனுப்பும் இணையதளம் அது. அதில் வரும் பதிவுகளைச் சம்பளமில்லாமல் சரிபார்ப்பவர் இவர். தையல் மெஷின் மேலேயே போனைச் சாய்த்து வைத்திருப்பார். ஆள் சேர்த்து வாக்குக் குத்துகிறார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் சண்டை வந்தபோது, புகார் கொடுத்தவர் அந்தக் குறைக்கு வாக்களிக்கக் கூடாது என்ற விதியை எழுதியவரும் இவர்தான். எல்லோரும் கைதட்டினார்கள். தெருவில் 'விதியம்மா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

சாக்கடை உடைந்து மூன்று வாரம். கழிவுநீர் வாசற்படி தாண்டி, துணி வெட்டும் மேசைக்கால் வரை வந்துவிட்டது. தைத்த துணி நாறுகிறது என்று இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பதினொரு வீடும் புகார் எழுதியது. எழுதியதாலேயே பதினொரு வீட்டுக்கும் வாக்கில்லை. ஊரின் மறுகோடியில் இருப்பவர்களோ பூங்கா பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்க அறுபத்திரண்டு வாக்குப் போட்டிருந்தார்கள்.

விதியைத் திருத்தச் சொல்லி இணையதளக் குழுவுக்கு எழுதினார். குழுத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, போனில் கூப்பிட்டார்.

"பாதிக்கப்பட்டவங்களே திருத்தம் கேட்டா எப்படிம்மா? நீங்க எழுதினதோட சாரமே அதுதானே. ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

சாக்கடையைவிட அந்தப் பாராட்டுதான் குமட்டியது.

மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். பத்தாவது இடத்தில் இருக்கும் குறைக்குப் பதின்மூன்று வாக்கு. பத்து வீடு புகாரை வாபஸ் வாங்கினால், இருக்கும் நான்கோடு பத்து வாக்கு சேரும், ஒன்று கூடுதலாகவே வரும்.

"ஆனா வாபஸ் வாங்கணும்னா, 'எனக்குப் பாதிப்பில்லை'ன்னு டிக் பண்ணணும்க்கா. அதைச் சரிபார்த்து விடவேண்டியது நீங்கதான்."

"பொய்னு தெரிஞ்சேவா?"

"நாங்க அந்தத் தண்ணியில நின்னுக்கிட்டேதான் டிக் பண்ணப்போறோம். நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டு அமுக்குங்க."

தன் புகாரை மட்டும் அவர் வாபஸ் வாங்கவில்லை. ஒருவராவது புகாரில் இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் காரணம் சொன்னார். அந்த வரியைத் தன் பெயரில் டிக் செய்ய அருவருப்பாக இருந்தது என்பதைச் சொல்லவில்லை. மற்ற பத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். மேலே கறுப்புத் தண்ணீரின் படம், கீழே பாதிப்பில்லை. பத்தையும் அனுமதித்தார்.

வாக்கெடுப்பு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிகிறது; அதற்குள் 'பாதிப்பில்லாத' பத்து வீடும் வாக்குப் போட வேண்டும்.