மூன்றாவது தட்டு

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான். அன்றைக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அது வேறு கொட்டாவி. பத்தொன்பது நாளாக எனக்கு லீவே இல்லை.

வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி கேட்கிறார்கள். அலமாரி மட்டும் போதாது, புத்தகமும் நாங்களே வைத்துத் தர வேண்டும். படிக்கவா? அட, யார் படிக்கிறார்கள்! போட்டோவுக்கு. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் எடைக்கு வாங்கி, உயரம் பார்த்து அடுக்கிவிடுவோம். இந்த வீட்டுக்காரம்மாவுக்கு அட்டைகளின் நிறம் திரைச்சீலையோடு ஒத்துப்போகவில்லை. அதனால் பெயர் எழுதிய முதுகுப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தாள் விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லிவிட்டார். பார்க்க ஒரே சந்தன நிறமாக இருக்கும். எந்தப் புத்தகம் எது என்று கடவுளுக்கே தெரியாது.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. பத்து நாள் விடுமுறையில் வந்திருந்தார். எட்டு நாள் ஓடிவிட்டது. நான் கிளம்பும்போதும் தூங்குவார், திரும்பும்போதும் தூங்குவார். நாளை மறுநாள் கிளம்பினால் எட்டு மாதம் கழித்துத்தான் முகம் பார்க்க முடியும். காலையில் மேனேஜர் சொல்லியிருந்தார்: "நாலு மணிக்குள்ள போட்டோ அனுப்பிடு. நாளைக்கு வீட்லயே இரு." அந்த ஒரு நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

பதினொன்று இருபதுக்கு அடுக்கி முடித்தேன். மொத்தம் ஐந்து தட்டு. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மணி பன்னிரண்டு ஐந்து.

மூன்றாவது தட்டில் மட்டும் எல்லாப் புத்தகமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

சமையலறையில் கார்பெண்டர் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இது உன் வேலையா?"

"அக்கா, நான் இங்கேருந்து அசையவே இல்ல."

சண்டை போடத் தெம்பில்லை. மறுபடி திருப்பி வைத்தேன். ஒரு மணிக்குக் கார்பெண்டர் வேலை முடிந்து கிளம்பினார். கதவை உள்ளே தாழ் போட்டேன். கை கழுவப் போய்விட்டு வந்தேன்.

மூன்றாவது தட்டு... மறுபடியும் முதுகு.

அழுகை வந்தது. பயத்தில் அல்ல, அலுப்பில். கார்பெண்டர் விட்டுப்போன பசை டப்பா கண்ணில் பட்டது. பத்து நிமிடத்தில் இறுகிக் கல்லாகிவிடுகிற பசை. எங்கள் தொழிலில் இது சகஜம்தான், தூசி தட்டும்போது விழாமல் இருக்க ஒட்டிவிடுவோம். மூன்றாவது தட்டில் இருந்தவை ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் திருப்பி, பக்கத்துப் புத்தகத்தோடும் அடிப்பலகையோடும் சேர்த்து ஒட்டினேன். 'இப்போ திரும்பு பார்க்கலாம்' என்று வாய்விட்டே சொன்னேன்.

மணி இரண்டு முப்பத்தைந்து. கால் கடுத்தது. வலது ஓரத்தில் இருந்த ஏணியில் உட்கார்ந்து, தலையை மூன்றாவது தட்டின் விளிம்பில் சாய்த்தேன். கண் சொருகியது.

இரண்டு நாற்பது.

டக்...

இடது கோடியில். புத்தகத்தின் உச்சியில் விரலைக் கொக்கி மாதிரி போட்டு இழுப்போமே, அந்தச் சத்தம்.

க்ர்ர்ர்...

பசை விடவில்லை. அமைதி. அடுத்த புத்தகம்.

டக்... க்ர்ர்ர்...

எலி என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து பார்க்க உடம்பு ஒத்துழைக்கவில்லை.

டக்... க்ர்ர்ர்...

எலி இப்படி வரிசையாகவா இழுக்கும்?

சத்தம் நெருங்கியது. அலமாரி முழுவதும் லேசாக ஆடியது.

கண்ணைத் திறந்தேன். எதிரே ஹால். நல்ல வெயில். யாரும் இல்லை.

டக்... காதுக்குப் பக்கத்தில்.

அப்புறம்...

என் உச்சந்தலையில் ஒரு விரல்.

குளிர்ச்சியாக. பிசுபிசுப்பாக.

அது தலைக்குப் பின்னால் வளைந்தது. இழுத்தது.

தாடை நெஞ்சில் இடித்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

நானாக எழவில்லை.

ஏணி சாய்ந்தது. விழுந்தேன்.

அப்புறம் ஒன்றுமே இல்லை. மணி இரண்டு நாற்பத்தேழு.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. போட்டோ எடுத்தேன். மேனேஜருக்கு அனுப்பினேன். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார். "ஓகே சார்" என்றேன். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களை நினைத்துப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் லீவு பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் கணவரும் நானும் சேர்ந்து சமைத்தோம், சாப்பிட்டோம். வெகுநாள் கழித்து வாய் கொள்ளாமல் சிரித்தேன். இரண்டு முப்பதுக்குப் போன் வந்தது. பழைய புத்தகக் கடைக்காரர்.

"தங்கச்சி, போன வாரம் எடுத்துட்டுப் போனியே, அதுல ஒரு அம்பது புஸ்தகம் திரும்பக் கிடைக்குமா? ஒரு பெரியவரோடது. அவர் மகன் வந்து நிக்கிறான்."

"இறந்துட்டாரா?"

"அட, நீ வேற! உயிரோடதான் இருக்காரு. கண்ணு போயிடுச்சு, படுத்த படுக்கை. முதுகைத் தடவிப் பார்த்தே இது இன்ன புஸ்தகம்னு சொல்லிடுவாராம். அவருக்குத் தெரியாம மகன் வித்துட்டான். தினம் மத்தியானம் படுத்தபடியே கையை நீட்டி நீட்டித் தேடறாராம், காத்துல."

என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

"நேத்து கை பூரா பசை. பசையில நீளமா ரெண்டு முடி. பொம்பளை முடி. அவரோட ரூமுக்கு யாரும் போகல. மகன் ஆடிப்போயிட்டான், பாவம். குடுத்துடேன் தங்கச்சி."

கொடுப்பது என்றால் இப்போதே கிளம்ப வேண்டும். உளியால் பெயர்க்க வேண்டும். மேனேஜர் கேட்பார், வீட்டுக்காரம்மா கேட்பார். கணவர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைக்காதுண்ணே. எல்லாம் வெளியூர் போயிடுச்சு."

"சரி, விடு. அவரும் அதைக் கேக்கறதை நிறுத்திட்டாராம். 'புதுசா ஒண்ணு வந்திருக்கு, தொட்டா சூடா இருக்கு'ன்னு காலைலேருந்து ஒரே சந்தோஷமாம். 'நேத்து பாதிதான் வெளிய வந்துச்சு. இன்னிக்கு முழுசா எடுத்துடுவேன்'னு சொல்றாராம்."

போன் கையிலிருந்து நழுவியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தெட்டு.

"என்னங்க... என் தலையைப் பிடிச்சுக்குங்க."

"என்னடி விளையாட்டு இது?"

"பிடிங்க. ரெண்டு கையாலயும். விட்டுடாதீங்க."

சிரித்துக்கொண்டே பிடித்தார்.

இரண்டு நாற்பதுக்கு அவர் சிரிப்பு நின்றது.